விட்டு விட்டு வந்த சுரமும் விட்டுப் போகாத மூடத்தனமும்

செஞ்சிக்கு அடுத்த வல்லத்திலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் சென்ற நான்கு வருஷ காலமாக நம்மைப்பற்றி ஒரு பிரசாரம் நடந்து வந்திருக்கின்றது. அதாவது, கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசினவனைக் கடவுள் படுக்கையில் போட்டுவிட்டார் என்பதே அப்பிரசாரமாகும். இதற்கு நோட்டீசு இல்லை, மேடை இல்லை, செலவும் இல்லை. நாம் சுரத்தோடு கம்பளியைப் போர்த்துக்கொண்டு தெருவில் நடந்ததே அவர்களுக்குப் போதுமான விளம்பரமாய் இருந்தது. நம்மிடம் உண்மையான அன்புள்ள தோழர்கள் சிலருங்கூட, "கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை நிறுத்தி வைத்தால்தான் என்ன?" என்று நமக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படி நம்மைத் தண்டித்த கடவுள் இப்பொழுது கையும் களவுமாய் அகப்பட்டுவிட்டார். அவர் அகப்பட்ட இடம் நமது இரத்தம். ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவே இருப்பவர். அவருக்குப் பெயர் புரூசெல்லா என்னும் கிருமி. அவர் குடியிருந்த கோயில் நமது வீட்டு மாட்டுக் கொட்டகை. இந்த விவரத்தை நமது சொந்தக் கதையாக மட்டும் நினைத்து நாம் எழுத வரவில்லை. நம்மைப்போல் பெயர் தெரியாத சுரத்தோடு வருஷக்கணக்காய்க் கிடக்கிறவர்கள் ஆடு மாடு உள்ள ஊர்களில் இன்னும் இருப்பார்கள் என்பதற்காகவே எழுதுகின்றோம்.

2021ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் நமக்கு முதன்முதலாகச் சுரம் கண்டது. அது கொரோனா காலமானதால் எல்லோரும் அதுவென்றே நினைத்தார்கள். பரிசோதனையில் அது இல்லை என்று வந்தது. பகலெல்லாம் ஒருவாறு நடமாடுவோம். பொழுது சாய்ந்தால் குளிரும் காய்ச்சலும் வரும். நடுநிசியில் பாய் நனையும்படி வேர்க்கும். இடுப்பும் முழங்காலும் உலக்கையால் இடித்தாற்போல் வலிக்கும். இப்படி இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு, ஒரு நாள் யாரோ சொல்லி அனுப்பினதுபோல் சுரம் தானே நின்றுவிடும். நின்றது என்று எழுந்து வேலைக்குப் போனால், சில வாரத்தில் மறுபடியும் வந்து படுக்க வைக்கும்.

முதலில் ஒரு டாக்டர் விடால் பரிசோதனை ஒன்றை எடுத்துப் பார்த்து, டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டார். இரண்டாமவர் வாத சுரம் என்றார். மூன்றாமவர் முதுகெலும்பில் க்ஷயம் என்று சந்தேகித்து ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை தின்ற மாதங்களில் சற்றுக் குறைந்திருந்தது. நிறுத்திய பின் பழையபடி வந்தது. நான்காமவர் ஒரு பரிசோதனையும் செய்யாமலே, "உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனதுதான். அதிகம் படிப்பதை விடுங்கள்" என்று சொல்லிக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மூன்று வருஷத்தில் காற்காணி நிலம் கைமாறிப் போயிற்று.

டாக்டர்கள் நிலைமை இப்படியென்றால் ஊராருடைய நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் ஒருவர் நம் முகத்துக்கு நேராகவே, "சாமி வாய் பேசாது. ஆனால் வட்டியோடு கொடுக்கும், பார்த்தாயா?" என்றார். குறி சொல்லுகிறவர் செய்வினை என்றார். ஜோசியர் ஏழரை நாட்டுச் சனி என்றார். அமாவாசை இரவில் கொண்டுபோய் நிறுத்தினால் வேப்பிலை அடித்து இறக்கிவிடலாம் என்று ஒருவர் வண்டிக்கே ஏற்பாடு செய்துவிட்டார்.

இங்கே நாம் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வருஷம் ஆடி மாதத்தில் நாம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, நமது தாயார் எங்கேயோ போய் ஒரு மந்திரித்த கயிற்றை வாங்கி வந்து, "கண்ணு, எனக்காகக் கட்டிக்கோ" என்று சொல்லி அழுதார்கள். நாம் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. போனால் போகட்டும், ஒருவேளை இதிலாவது போகாதா என்ற எண்ணம் நமக்கும் அப்போது உண்டாயிற்று. இருபது வருஷமாய்ப் பகுத்தறிவு பேசி வந்த நமக்கே, சுரம் நூற்று மூன்று டிகிரிக்குப் போனபோது புத்தி அந்த அளவுக்கு இறங்கிவிட்டது என்றால், பேசவும் படிக்கவும் வகையில்லாத பாமர ஜனங்கள் பூசாரி காலில் விழுவதில் ஆச்சரியம் என்ன? ஆதலால் அவர்களைக் கேலி செய்ய நமக்கு வாய் இல்லை. அவர்களுடைய பயத்தைக் காசாக்குகிறவர்களைக் கேட்கத்தான் வாய் உண்டு.

கயிறு கட்டிய நாலாம் நாள் சுரம் நின்றுவிட்டது! தாயாருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊரிலும், "நாத்திகன் கையில் கயிறு, அன்றே சுரம் விட்டது" என்று பரவிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே சுரம் அதே குளிரோடு வந்தது. அப்போது கயிறு கொடுத்தவரைக் கேட்டதற்கு, "தீட்டுப் பட்டிருக்கும், வேறு கட்ட வேண்டும்" என்று பதில் வந்தது. அதாவது நின்றால் கயிற்றின் மகிமை, நிற்காவிட்டால் தீட்டின் குற்றம். இந்த வியாபாரத்தில் முதலாளிக்கு நஷ்டம் என்பது எப்போதாவது உண்டா என்று கேட்கின்றோம்.

இதற்கு விடை நம் மகளுடைய பழைய கணக்கு நோட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் அப்பெண், யாரும் சொல்லாமலே நமக்குச் சுரம் வந்த தேதி, நின்ற தேதி, அன்று சாப்பிட்ட மருந்து, செய்த சடங்கு ஆகிய எல்லாவற்றையும் இரண்டாவது வருஷம் முதல் வரிசையாக எழுதி வைத்திருந்தது. அதைப் புரட்டிப் பார்த்தால் உண்மை பட்டப்பகல்போல் தெரிகின்றது. ஊசி போட்டபோதும் சுரம் நின்றிருக்கின்றது. கயிறு கட்டியபோதும் நின்றிருக்கின்றது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டபோதும் நின்றிருக்கின்றது. ஒன்றுமே செய்யாமல் சும்மா கிடந்தபோதும் அதேபோல் நின்றிருக்கின்றது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே திரும்பி வந்திருக்கின்றது. அலையைப்போல் ஏறி இறங்குவது இந்தச் சுரத்தின் சுபாவம். இறங்குகிற சமயத்தில் பக்கத்தில் எவன் நின்றானோ அவனுக்குப் பெயர் வந்தது. இவ்வளவுதான் அதிலிருந்த அற்புதம். தானே நிற்கும் மழைக்கு முன் ஒருவன் நின்று "நில்" என்று சொன்னால், மழை அவன் பேச்சைக் கேட்டதாகுமா?

நிற்க, இவ்வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளவயதான ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். அவர் நம் மகளின் நோட்டை வாங்கி ஆதி முதல் அந்தம் வரை பொறுமையாய்ப் படித்தார். பிறகு நான்கு வருஷத்தில் ஒருவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "ஐயா, வீட்டில் ஆடு மாடு உண்டா? ஏதாவது ஒன்று கன்று வீசியதா?" என்பதே அக்கேள்வி.

அப்போதுதான் நமக்கு ஞாபகம் வந்தது. முதல் சுரம் காண்பதற்குச் சுமார் மூன்று வாரத்துக்கு முன் நமது செவலைப் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசியது. நஞ்சு விழவில்லை. நாமும், சேரியிலிருந்து வந்த ஒரு தோழரும், வெறுங்கையால் அதை எடுத்துப் போட்டோம். ஊர் வழக்கப்படி அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினார்கள். பால் வற்றிப் போகாமல் இருக்கக் கறந்த சூட்டோடு கொஞ்சம் குடிக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதை நம்பி நம் வீட்டார் குடித்ததும் உண்டு.

டாக்டர் நமது இரத்தத்தை எடுத்து இருவிதமாகப் பரிசோதித்தார். ஒன்று, அக்கிருமியை எதிர்க்கும் பொருள் இரத்தத்தில் இருக்கின்றதா என்பது. மற்றொன்று, இரத்தத்தை ஊட்டக் குழம்பில் விட்டுச் சில நாள் வைத்து, கிருமியே வளருகின்றதா என்பது. இரண்டிலும் ஆம் என்றே வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினபோது நாம் வெட்கமில்லாமல் அழுதோம். வியாதி வந்ததே என்று அழவில்லை. நான்கு வருஷமாய் நாம் சொன்னது பொய்யல்ல, மனப்பிரமையல்ல, சாபமுமல்ல என்று ஒரு அத்தாட்சி கிடைத்ததே என்றுதான் அழுதோம். இரண்டுவித மருந்தை ஆறு வாரம் ஒருநாளும் தவறாமல் சாப்பிட வேண்டும், எலும்பில் பற்றியிருந்தால் அதைவிட அதிக காலமாகும், சுரம் நின்றுவிட்டதே என்று நடுவில் விட்டால் மறுபடி வரும் என்று சொல்லப்பட்டது. அப்படியே சாப்பிட்டு வருகின்றோம்.

இனி இவ்வியாதியின் சரித்திரத்தைப் பார்ப்போம். மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் பட்டாளத்தார் இச்சுரத்தால் மாதக்கணக்காய்க் கிடந்தார்கள். காற்று கெட்டது, சாக்கடை கெட்டது என்று பலரும் பலவிதமாய்க் காரணம் சொல்லி வந்தார்கள். 1887இல் டேவிட் புரூஸ் என்னும் பட்டாள டாக்டர், இறந்துபோன சிப்பாயின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனாலும் அது எங்கிருந்து வருகின்றது என்பது தெரியவில்லை. 1905இல் அத்தீவுக்காரரான தெமிஸ்டாக்ளிஸ் சம்மிட் என்னும் டாக்டர், பார்வைக்கு யாதொரு நோயுமில்லாத வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்து, அவை இக்கிருமியைச் சுமப்பதைக் கண்டுபிடித்தார். பாலிலும் கிருமி இருந்தது. 1906இல் பட்டாளத்துக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. உடனே பட்டாளத்தில் சுரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பச்சைப் பாலைத் தொடர்ந்து குடித்துவந்த ஊர் ஜனங்களுக்கோ சுரம் தொடர்ந்தே வந்தது. ஒரே தீவு, ஒரே காற்று, ஒரே கடவுள். ஆட்டுப்பால் ஒன்றுதான் வித்தியாசம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆலிஸ் ஈவான்ஸ் என்னும் பெண்மணி, ஆட்டின் இக்கிருமியும் மாட்டைக் கன்று வீசச் செய்யும் கிருமியும் நெருங்கிய உறவினம் என்றும், பச்சைப் பாலில் ஆபத்து உண்டு என்றும் 1918இல் எழுதி வெளியிட்டார். டாக்டர் பட்டம் பெறாத ஒரு பெண் சொல்லுவதையா நம்புவது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் தலையை ஆட்டினார்கள். 1922இல் ஆராய்ச்சிசாலையிலேயே அவருக்கு இவ்வியாதி தொற்றிச் சுமார் இருபது வருஷத்துக்கு மேல் விட்டு விட்டு வாட்டியது. அப்போது டாக்டர்கள் அவருக்குச் சொன்ன வியாதி என்ன தெரியுமா? நரம்புத் தளர்ச்சி! இவ்வியாதியைப்பற்றி உலகத்துக்கே எடுத்துச் சொன்னவருக்கே இக்கதி. கடைசியில் 1928இல் அவருடைய உடம்பிலிருந்தே கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகுதான் அவர் வாய் மெய்யாயிற்று.

அந்த நாட்டிலேயே லைம் என்னும் சிற்றூரில் பாலி மர்ரே என்னும் தாய், தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் வந்த மூட்டு வீக்கத்தையும் தடிப்பையும் வருஷக்கணக்காய் எழுதி வைத்தார். அவருக்கும் மனநோய் என்றே சொல்லப்பட்டது. 1975இல் சுகாதார இலாகா அந்த ஊரைக் கவனிக்கத் தொடங்கிற்று. 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணியின் வயிற்றில் அதற்குரிய கிருமியைக் கண்டார். இன்று அது லைம் வியாதி என்றே பெயர் பெற்றிருக்கின்றது. அங்கேயும் வழி காட்டினது ஒரு தாயின் நோட்டுதான்.

இவ்விடத்தில் வைதீகத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "டாக்டர்களும் மூன்று தடவை தவறினார்களே. பூசாரியை மட்டும் ஏன் திட்டுகின்றாய்?" என்பார்கள். நியாயமான கேள்வியே. டாக்டர்கள் தவறினார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. விசாரியாமல் ஊசி போடுகிற டாக்டரும் விசாரியாமல் விபூதி போடுகிற பூசாரியும் அந்த மட்டில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்களல்ல. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு, எதற்கு இந்த ஊசி என்று ஒரு வார்த்தை கேளாமல் கையை நீட்டியதும் மூடநம்பிக்கையே. அந்தக் குற்றம் நம்முடையது.

ஆனால் வித்தியாசம் ஒன்று உண்டு. டாக்டர் சொன்ன டைபாய்டும், க்ஷயமும் தப்பு என்று எப்படித் தெரிந்தது? வேறொரு பரிசோதனையால் தெரிந்தது. வைத்திய சாஸ்திரத்துக்குள்ளேயே அதன் தப்பைக் காட்டிக் கொடுக்கிற கருவி இருக்கின்றது. அப்பரிசோதனை "இல்லை" என்றும் சொல்லக்கூடும். சொல்லியிருந்தால் நாம் வேறு காரணத்தைத் தேடியிருப்போம். சாமி தண்டனை என்கிறவர்களிடத்தில் "இல்லை" என்று சொல்லக்கூடிய பரிசோதனை ஏதாவது உண்டா? எது நடந்தாலும் தன் கட்சிக்கே சாதகம் என்று சொல்லக்கூடிய ஒரு பேச்சை ருஜு என்று ஒப்புக்கொள்ள முடியுமா?

அன்றியும், நாத்திகனுக்குத் தண்டனை என்றார்களே, நமது தெருவிலேயே ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிடுகிற ஒரு மூதாட்டிக்கும் இரண்டு வருஷமாய் இதே சுரம். அவர் நமது கொட்டகையில் பால் கறந்தவர். நம்மோடு நஞ்சு எடுத்த சேரித் தோழருக்கும் அதே இடுப்பு வலி, அதே வேர்வை. நமக்காவது "தண்டனை பெற்றவன்" என்ற பட்டம் கிடைத்தது. அவருக்கோ "சோம்பேறி, வேலைக்கு வரமாட்டான்" என்ற வசவுதான் கிடைத்தது. நமது காகிதம் வந்த பிறகு அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தோம். இருவருக்கும் உண்டு என்று வந்தது. கும்பிட்டவருக்கும், திட்டினவருக்கும், இரண்டுக்கும் நேரமில்லாமல் உழைத்தவருக்கும் கிருமி ஒரே நீதி செய்திருக்கின்றது. நமது ஜாதி தர்மந்தான் செய்யவில்லை. கன்று வீசினால் கூப்பிடுவது அவரை, செத்ததைப் புதைக்கக் கூப்பிடுவது அவரை, சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் பெண்கள். தீட்டு என்று எட்டி நிற்பவன் பிழைத்துக்கொள்ள, தீட்டைச் சுமக்கும்படி விதிக்கப்பட்டவன் வியாதியையும் சேர்த்துச் சுமக்கிறான்.

பசு தெய்வம் என்கிறார்கள். பசு நல்ல பிராணி, ஏழைக் குடும்பத்துக்குச் சோறு போடுகிற பிராணி. அதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஆனால் தெய்வம் என்று சொன்னதன் பலன் என்ன? அதற்கு வியாதி இருக்கக்கூடும் என்று நினைப்பதே பாவமாகிவிட்டது. நோயுள்ள மாட்டின் பாலிலும், மூத்திரத்திலும், ஈனுகிற நீரிலும் இக்கிருமி வெளிப்படுகின்றது. அப்படியிருக்கப் பச்சைப் பாலை அபிஷேகம் செய்து அதையே வழித்துக் குடிப்பதும், கோமியத்தைத் தெளித்துக் குடிப்பதும், நஞ்சுக்கொடியைப் பால் பெருகுமென்று ஆலமரத்தில் தொங்கவிடுவதும், அதைக் காக்கையும் நாயும் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் போடுவதும் பக்தியா, வியாதி விதைப்பா என்று யோசித்துப் பாருங்கள். மரத்தில் கொடி கட்டியதால் பால் பெருகின மாடு ஒன்றை யாராவது கணக்கெடுத்துக் காட்டட்டும்.

செய்ய வேண்டியவை வெகு சுலபமானவை. எந்தப் பாலையும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். காய்ச்சினால் இக்கிருமி செத்துவிடும். மாடோ ஆடோ ஈனும்போதும் கன்று வீசும்போதும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கையில் புண்ணிருந்தால் கிட்டவே போகாதீர்கள். வீசிய கன்றையும் நஞ்சையும் மரத்தில் கட்டாமல் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். கன்று வீசிய மாட்டைச் சொல்லாமல் செஞ்சிச் சந்தையில் தள்ளிவிட்டு வருவது, வியாதியை இன்னொரு ஏழை வீட்டுக்கு விலைக்கு விற்பதாகும். கால்நடை டாக்டரிடம் சொல்லிப் பரிசோதிப்பதே யோக்கியமானது. நான்கு மாதம் முதல் எட்டு மாதத்துக்குட்பட்ட கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே தடவை போடும் தடுப்பூசி உண்டு. 2019இல் மத்திய சர்க்கார் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இதுவும் சேர்ந்தது. நமது செவலைக்கு அதைப் போடாமல் விட்டது நமது சோம்பலே தவிர வேறல்ல. பெயர் தெரியாத சுரம் உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், "எங்கள் வீட்டில் ஆடு மாடு உண்டு" என்பதை அவர் கேட்காவிட்டாலும் முதலில் சொல்லுங்கள். வந்த தேதியையும் நின்ற தேதியையும் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டுப் பெண் குழந்தையை எழுதச் சொல்லுங்கள். அதற்காகவாவது அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

கயிற்றை என்ன செய்தாய் என்று சில தோழர்கள் கேட்கலாம். காகிதம் வந்த அன்று நமது தாயாரிடம் கையை நீட்டினோம். அவர்களே அரிவாள்மனையில் வைத்து அறுத்துவிட்டு, அன்று மாலை அடுப்பில் பால் பொங்கும் வரையில் பக்கத்திலேயே நின்றார்கள். நாம் மேடையில் இருபது வருஷம் பேசி மாற்ற முடியாததை ஒரு பரிசோதனைக் காகிதம் மாற்றிற்று.

ஆகவே, கடவுள் நம்மைத் தண்டித்ததாகச் சந்தோஷப்பட்ட கனவான்களுக்கு நமது பதில் இவ்வளவுதான். மருந்து முடிந்து உடம்பு தேறியதும் வல்லத்திலேயே மறுபடியும் பேசப் போகின்றோம். இம்முறை கடவுள் உண்டா இல்லையா என்பதைப்பற்றி அல்ல, ஆலமரத்தில் தொங்குகிற கொடியைப்பற்றி. டீக்கடைத் தோழர் அவசியம் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். வருவதற்கு முன் தம் வீட்டில் பாலைக் காய்ச்சுகிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டு வரட்டும்.